நிறப்படத்துக்கு முன் சுவர்த்தடிமன்: மோல்டிங் சிமுலேஷனில் மெஷ் போடப் பழகுவோருக்கு

இந்த வேலைக்கு வந்த முதல் ஆண்டில் பேட்டரி சார்ஜர் ஒன்றின் மேல்மூடிக்கு ஃப்ளோ அனாலிசிஸ், அதாவது உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் எப்படி ஓடி நிரம்பும் என்ற கணினிக் கணக்கு, செய்து கொடுத்தேன். ஏபிஎஸ் பிளாஸ்டிக். 200 மி.மீ நீளம், 120 மி.மீ அகலம், சுற்றிலும் 30 மி.மீ உயரச் சுவர். சுவர்த்தடிமன் எங்கும் 2.5 மி.மீ. ஒரே ஒரு மூலையில் மட்டும், காற்றுத் துளைகளை ஒட்டி, 6 மி.மீ அகலப் பட்டையாகச் சுவர் 1.2 மி.மீ அளவுக்கு மெலிந்திருந்தது. கணினித் திரையில் பிளாஸ்டிக் அந்தப் பட்டையைத் தாண்டி மூலைவரை ஓடி நிரம்பியது. நீலத்திலிருந்து சிவப்புவரை நிறங்கள் ஒழுங்காக மாறின. அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டேன். அச்சு தயாராகி முதல் ட்ரயல் எடுத்தபோது அந்த மூலை நிரம்பவில்லை. வேகத்தைக் கூட்டினாலும், உருகுவெப்பத்தைக் கூட்டினாலும் ஷார்ட் ஷாட்தான்.

மேசைக்குத் திரும்பி, கணக்குக்காகப் பொருளைச் சிறு முக்கோணங்களாகப் பிரித்த வலையான மெஷ்ஷைத் திறந்து, அந்தப் பட்டையின் தடிமன் என்ன என்று மென்பொருளைக் கேட்டேன். 1.8 மி.மீ என்றது. நான் போட்டிருந்த முக்கோணங்கள் 5 மி.மீ அளவு, பட்டையோ 6 மி.மீ. ஏறக்குறைய ஒவ்வொரு முக்கோணமும் பாதி பட்டைக்குள்ளும் பாதி தடித்த சுவரிலுமாகக் கிடந்தது. 2.5-க்கும் 1.2-க்கும் நடுவாக ஓர் எண்ணை மென்பொருள் எடுத்துக்கொண்டிருந்தது. அது போட்ட கணக்கில் பிழை எதுவும் இல்லை. கணக்குக்கு நான் கொடுத்த மூடிதான் வேறு மூடி.

சிப்பெட்டில் (மத்திய அரசின் பிளாஸ்டிக் பயிற்சி நிறுவனம்) படித்துவிட்டு வருபவர்களுக்கும், ஓசூர், கோவை டூல் ரூம்களில் (அச்சு செய்யும் பட்டறைகள்) டிசைன் பழகிவிட்டு சிமுலேஷன் பக்கம் வருபவர்களுக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். நீங்கள் வரைந்த கேட் (CAD) மாடலை மென்பொருள் கணக்கிடுவதில்லை. மெஷ்ஷைத்தான் கணக்கிடுகிறது. மெஷ்ஷில் எது இருக்கிறதோ அதுவே அதற்குப் பொருள். மெஷ்ஷில் எல்லாவற்றையும் விட முக்கியமானது சுவர்த்தடிமன்.

தடிமன் ஏன் இவ்வளவு பேசுகிறது

உருகிய பிளாஸ்டிக் இரண்டு குளிர்ந்த எஃகுச் சுவர்களுக்கு இடையே தள்ளப்படுகிறது. சுவரைத் தொட்டது அங்கேயே உறைகிறது; நடுவில் இருப்பது ஓடிக்கொண்டே போகிறது. நெருக்கமான இரு தகடுகளுக்கு நடுவே பாகு எப்படி ஓடும் என்பதை ஹென்றி செல்பி ஹீல்-ஷா 1898-இல் ஆராய்ந்தார். மெல்லிய சுவர்ப் பொருள்களுக்கான மோல்டிங் கணக்குகள் இன்றும் அந்தத் தோராயத்தின் மேல்தான் நிற்கின்றன. அதன்படி, ஒரே அளவு திரவத்தை ஒரே வேகத்தில் தள்ளத் தேவைப்படும் அழுத்தம், இடைவெளியின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் இருக்கும்.

என் மூடிக்கு இதைப் போட்டுப் பாருங்கள். 1.8-ஐ 1.2-ஆல் வகுத்தால் 1.5. அதன் மும்மடி ஏறக்குறைய 3.4. எண்ணெய் போன்ற திரவமாக இருந்தால் உண்மையான பட்டைக்கு 3.4 மடங்கு அழுத்தம் வேண்டியிருக்கும். பிளாஸ்டிக் உருகலோ வேகமாக ஓடும்போது பாகுத்தன்மை குறையும் இயல்புடையது. அதனால் வித்தியாசம் அவ்வளவு இருக்காது, ஆனாலும் ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்துவிடும். இதோடு உறையும் நேரம் வேறு. அது தடிமனின் இருமடியைப் பொறுத்தது. 1.2 மி.மீ சுவர் 1.8 மி.மீ சுவரை விட 2.25 மடங்கு விரைவாக உறையும். தடித்த சுவரில் எளிதாக ஓட வழி இருக்கும்போது, பிளாஸ்டிக் மெல்லிய பட்டையின் வாயில் தயங்கி நிற்கும். நிற்கும் நேரத்தில் உறைந்துவிடும். என் ட்ரயலில் நடந்தது முழுக்க இதுதான்.

கொஞ்சம் வரலாறும் தெரிந்திருக்கட்டும். மோல்ட்ஃப்ளோ மென்பொருள் நிறுவனம் 1978-இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் காலின் ஆஸ்டின் தொடங்கியது. அந்தக் காலத்தில் பொருளை அட்டைப்பெட்டியைப் பிரித்து விரிப்பதுபோலத் தட்டையாக விரித்து, ஓட்டப்பாதைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பாதையின் நீளத்தையும் தடிமனையும் ஆளே எழுதிக் கொடுக்க வேண்டும். தடிமனை எழுதிய கைக்கு அது எவ்வளவு என்று தெரியும். இன்று மென்பொருளே தடிமனைக் கண்டுபிடித்துக்கொள்கிறது. மோல்ட்ஃப்ளோ, தைவானின் மோல்டெக்ஸ்3டி, ஜெர்மனியின் சிக்மாசாஃப்ட், எதில் வேலை செய்தாலும் இந்த வசதி உண்டு. வசதி வந்த இடத்தில் பார்வை விலகிவிட்டது. பொத்தான்களின் பெயர்கள் மென்பொருளுக்கு மென்பொருள் மாறும்; கீழே சொல்லும் வேலைகள் மாறுவதில்லை.

முதல் படி: கோப்பைக் கேட்டு வாங்குவது

டிசைனரிடம் ஸ்டெப் அல்லது பாராசாலிட் கோப்பைக் கேளுங்கள். ஐஜெஸ் கோப்பில் மேற்பரப்புகள் துண்டு துண்டாக வரும். தையல் விட்ட சட்டையைப் போல அங்கங்கே இடைவெளி இருக்கும். அதை மூடுவதற்கே அரைநாள் போய்விடும். எஸ்டிஎல் கோப்பைக் கூடியவரை தவிருங்கள். அது ஏற்கெனவே யாரோ முக்கோணங்களாக வெட்டிவைத்த வடிவம். வளைவுகள் பட்டை தீட்டியதுபோல ஆகியிருக்கும். இழந்த வளைவை அதிலிருந்து மீட்க முடியாது. அதில் அளவின் அலகும் இருக்காது. 200 என்பது மில்லிமீட்டரா, அங்குலமா என்று அந்தக் கோப்புக்குத் தெரியாது. தவறாக எடுத்தால் மூடி 25.4 மடங்கு பெரிதாகிவிடும்.

மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டுத்தான் நான் கோப்பைத் திறப்பேன். இது அச்சில் வரப்போகும் கடைசி வடிவமா? டிராஃப்ட் கோணங்கள் (பொருள் அச்சிலிருந்து கழன்று வரச் சுவருக்குக் கொடுக்கும் சாய்வு) போடப்பட்டுவிட்டனவா? பொருள் குளிர்ந்து சுருங்குவதற்கான கூடுதல் அளவு சேர்க்கப்பட்டிருக்கிறதா? கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். டூல் ரூமிலிருந்து வரும் கோப்பில், ஏபிஎஸ்ஸுக்கு 0.5 விழுக்காடு என்று சுருக்கத்தைக் கூட்டி, 200 மி.மீ பொருளை 201 மி.மீ ஆக்கியிருப்பார்கள். அது தெரியாமல் வார்ப்பேஜ் (பொருள் குளிர்ந்து கோணிக்கொள்வது) முடிவைப் பொருளின் வரைபடத்தோடு ஒப்பிட்டால் அந்த 1 மி.மீ எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டே இருப்பீர்கள்.

டிராஃப்ட்டைச் சிறிய விஷயமாக எண்ணாதீர்கள். 20 மி.மீ உயர ரிப் (சுவருக்கு வலுக்கொடுக்கும் மெல்லிய விலா) ஒன்று, உச்சியில் 1 மி.மீ தடிமன் என்று வைத்துக்கொள்வோம். இரு பக்கமும் ஒரு டிகிரி டிராஃப்ட் போட்டால் அடியில் 1.7 மி.மீ ஆகிவிடும். டிராஃப்ட் இல்லாத மாடலில் அனாலிசிஸ் செய்வது வேறொரு ரிப்பைக் கணக்கிடுவது.

கோப்பைத் திறந்ததும் கனஅளவைப் பாருங்கள். என் மூடிக்கு, ரிப்பும் பாஸும் (திருகு இறங்கும் குழாய்த்தூண்) நீங்கலாக, மனக்கணக்காகவே சுமார் 108 கன செ.மீ வரும். ஏபிஎஸ்ஸின் அடர்த்தி சுமார் 1.05, அப்படியானால் எடை 113 கிராம் அளவில் இருக்க வேண்டும். பழைய மாதிரி ஏதாவது கையில் இருந்தால் தராசில் வைத்துப் பாருங்கள். இந்த ஒரு நிமிடச் சோதனை அலகுத் தவறையும், உள்ளே மறைந்து கிடக்கும் தேவையற்ற திடப்பொருளையும் உடனே காட்டிக்கொடுக்கும்.

இரண்டாம் படி: எதை நீக்குவது, எதைத் தொடக்கூடாது

புதிதாக வருபவர்கள் இங்கே இரண்டு வகை. ஒருவர் எதையுமே நீக்க மாட்டார், 0.2 மி.மீ ஆழத்தில் பொறித்த நிறுவனப் பெயருக்காகப் பத்தாயிரக்கணக்கான முக்கோணங்களைச் செலவழிப்பார். இன்னொருவர் மெஷ் சீக்கிரம் விழ வேண்டும் என்று கண்ணில் பட்ட ஃபில்லட்டை (மூலையை உருட்டிய வளைவு) எல்லாம் அழித்துவிடுவார். இரண்டாமவர்தான் அதிகக் கேடு செய்கிறார் என்பது என் கருத்து. முதலாமவருக்கு நேரம் மட்டுமே நட்டம்.

ஒவ்வோர் அம்சத்தையும் பார்த்து நான் கேட்பது இதுதான்: இது ஓட்டத்தின் வழியை மாற்றுமா? இது தடிமனை மாற்றுமா? இரண்டுக்கும் இல்லை என்றால் நீக்கலாம். வெளி விளிம்பில் இருக்கும் 0.3 மி.மீ ஃபில்லட், பொறித்த எழுத்து, லோகோ, மேற்பரப்பின் சொரசொரப்பு ஆகியவை போகலாம். துளைகள் சிறியவையானாலும் இருக்கட்டும். துளையைச் சுற்றி வரும் ஓட்டம் மறுபக்கம் சேருமிடத்தில் வெல்டு லைன் விழும்; துளையை அடைத்துவிட்டால் அந்தக் கோடும் மறைந்துவிடும். திருகு முறுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அந்தக் கோடு விழுந்தால் பாஸ் பிளந்துபோகும்.

ரிப்பின் அடியில் உள்ள ஃபில்லட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் அழிப்பது அதைத்தான். சுவர் 2.5 மி.மீ, ரிப் அதில் பாதி, அதாவது 1.25 மி.மீ. இரண்டும் சேரும் இடத்தின் குறுக்குவெட்டை வரைந்து, உள்ளே பொருந்தக்கூடிய மிகப் பெரிய வட்டத்தைப் போடுங்கள். ஃபில்லட் இல்லாவிட்டால் அந்த வட்டத்தின் விட்டம் 2.66 மி.மீ. 0.5 மி.மீ ஆரத்தில் ஃபில்லட் இருந்தால் 2.86 மி.மீ. வெறும் 0.2 மி.மீ வித்தியாசம் போலத் தெரியும். குளிரும் நேரம் இருமடியில் ஏறுவதால், அந்த இடம் தோராயமாக 16 விழுக்காடு கூடுதல் நேரம் சூடாக இருக்கும். அருகில் இருக்கும் சாதாரணச் சுவரோடு ஒப்பிட்டால் 30 விழுக்காட்டுக்கு மேல். மேற்பரப்பில் சிங்க் மார்க் (சிறு பள்ளம்) விழுவது இந்தத் தாமதத்தால்தான். ஃபில்லட்டை அழித்துவிட்டு, சிங்க் மார்க் குறைவாக இருக்கிறது என்று அறிக்கை எழுதினால், வண்ணம் பூசாமல் பளபளப்பாக விற்கப்போகும் பொருளில் அது எல்லார் கண்ணிலும் படும்.

மூன்றாம் படி: எந்த வகை மெஷ்

மூன்று வகைகள் புழக்கத்தில் இருக்கின்றன. முதலாவது மிட்பிளேன்: சுவரின் நடுவில் ஒரே ஒரு தாள் இருப்பதாக வைத்து, அதன்மேல் முக்கோணங்களைப் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் தடிமனை எண்ணாகக் கொடுப்பது. இன்று இதைப் புதிதாகச் செய்பவர்கள் குறைவு. இரண்டாவது, மோல்ட்ஃப்ளோவில் டூயல் டொமைன் என்று அழைக்கப்படுவது: பொருளின் வெளித்தோலை மட்டும் முக்கோணங்களால் மூடி, எதிரெதிர் முகங்களில் இருக்கும் முக்கோணங்களை இணையாகப் பொருத்தி, இடையில் உள்ள தூரத்தைத் தடிமனாக எடுத்துக்கொள்வது. மூன்றாவது 3டி: உள்ளே முழுவதையும் நான்முகிகளாலோ வேறு திட எலிமெண்டுகளாலோ (கணக்குக்கான சிறு துண்டுகள்) நிரப்புவது.

எதைத் தேர்வது? முதல் இரண்டும் மெல்லிய சுவரை நம்பியவை. வெப்பம் மேல்முகத்தின் வழியாகவும் கீழ்முகத்தின் வழியாகவும் மட்டுமே வெளியேறுகிறது, விளிம்புகளின் வழியாகப் போவது புறக்கணிக்கத்தக்கது என்பது அவற்றின் அனுமானம். நீளமும் அகலமும் தடிமனைப் போல நான்கு மடங்காவது இருந்தால்தான் அந்த அனுமானம் நிற்கும். 3 மி.மீக்கு 3 மி.மீ சதுரத் தூண் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு நான்கு பக்கமும் எஃகு. நான்கு பக்கமும் வெப்பம் போகிறது. மெல்லிய சுவர்க் கணக்கு இரண்டு பக்கத்தைத்தான் எண்ணும். உண்மையில் உறைந்துபோன தூண் கணக்கில் சூடாகவே இருக்கும். மின்பிளக், பல்சக்கரம், தடித்த கைப்பிடி, கனெக்டர் போன்றவற்றை நேராக 3டிக்கு அனுப்புங்கள். பெரிய தட்டையான மூடி, தட்டு, பெட்டி போன்றவற்றில் கேட் (gate, பிளாஸ்டிக் பொருளுக்குள் நுழையும் வாய்) எங்கே வைப்பது என்று பத்து வழிகளைச் சோதிக்க வேண்டுமானால் டூயல் டொமைன் இன்றும் நல்ல துணை. விரைவாக முடிவு வரும்; கடைசி முடிவை மட்டும் 3டியில் சரிபார்க்கலாம்.

நான்காம் படி: முக்கோணத்தின் அளவு

மீன்வலையில் கண்ணின் அளவை விடச் சிறிய மீன் தங்காது. மெஷ்ஷும் அப்படியே. உங்கள் முக்கோணத்தை விடச் சிறிய அம்சம் கணக்கில் நழுவிப்போகும்.

தொடக்கத்துக்கு விளிம்பின் நீளத்தைச் சுவர்த்தடிமனின் இரண்டு மடங்காக வையுங்கள். என் மூடிக்கு 5 மி.மீ. மூடியின் இரு முகங்களின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 86,000 சதுர மி.மீ; 5 மி.மீ சமபக்க முக்கோணம் ஒன்றின் பரப்பு 10.8 சதுர மி.மீ, எனவே சுமார் 8,000 முக்கோணங்கள். அளவைப் பாதியாக்கி 2.5 மி.மீ என்றால் 32,000. 1 மி.மீ என்றால் 2 லட்சம். எங்கும் ஒரே அளவாகச் சிறிதாக்கிக்கொண்டே போனால் கணினி திணறும், பயனும் இருக்காது. அகன்ற தட்டையான நடுப்பகுதிக்கு 5 மி.மீ போதும். தேவையான இடத்தில் மட்டும் சிறிதாக்குங்கள்.

தேவையான இடங்கள் எவை? தடிமன் மாறும் கோட்டின் இரு புறமும். மெல்லிய பட்டையின் குறுக்கே குறைந்தது மூன்று வரிசை முக்கோணங்கள் இருக்க வேண்டும். என் 6 மி.மீ பட்டைக்கு 2 மி.மீ. நான் 5 மி.மீயிலேயே விட்டதுதான் தவறு. ரிப்பின் உயரத்திலும் மூன்று வரிசையாவது வேண்டும். இல்லையென்றால் டிராஃப்டால் அடியிலிருந்து உச்சிவரை மாறும் தடிமன் ஒரே எண்ணாகிவிடும். துளைகளைச் சுற்றியும், கேட் அருகிலும் சிறிதாக்குங்கள்.

வளைவுகளுக்குத் தனிக் கவனம். நேரான விளிம்பு வளைவைக் குறுக்கே வெட்டிச் செல்லும். எவ்வளவு வெட்டும் என்பதற்கு எளிய வாய்ப்பாடு உண்டு: விளிம்பு நீளத்தின் இருமடியை, ஆரத்தின் எட்டு மடங்கால் வகுங்கள். ஆரம் 20 மி.மீ, விளிம்பு 5 மி.மீ என்றால் 0.16 மி.மீ, பொறுத்துக்கொள்ளலாம். ஆரம் 5 மி.மீ ஆகும்போது 0.6 மி.மீக்கு மேல் போய்விடும். 2.5 மி.மீ சுவரில் 0.6 மி.மீ என்பது கால்பங்கு. வெளிமுகம் ஒரு மாதிரியும் உள்முகம் வேறு மாதிரியும் வெட்டப்பட்டால், சீரான சுவர் மெஷ்ஷில் மேடுபள்ளமாகிவிடும். மெஷ் அமைப்பில் இந்த வெட்டுக்கு, அதாவது நாண் விலகலுக்கு, எல்லை வைக்கும் வசதி இருக்கும். அதை 0.1 மி.மீ அளவில் வைத்துத் தொடங்குங்கள்.

ஐந்தாம் படி: கிழிசலைத் தைப்பது

மெஷ் விழுந்ததும் மென்பொருள் ஒரு கணக்குப் பட்டியல் தரும். முதலில் பார்க்க வேண்டியது, மெஷ் ஒரே துண்டாக இருக்கிறதா என்பது. இரண்டு துண்டு என்று காட்டினால், கேட் இல்லாத துண்டுக்குப் பிளாஸ்டிக் போகவே போகாது. அடுத்தது ஃப்ரீ எட்ஜ். மூடிய தோலில் ஒவ்வொரு விளிம்பையும் சரியாக இரண்டு முக்கோணங்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒன்று மட்டுமே இருந்தால் அங்கே ஓட்டை. மூன்று அல்லது அதற்கு மேல் இருந்தால் தோல் தன்னைத்தானே ஒட்டிக்கொண்டிருக்கிறது. டூயல் டொமைனிலும் 3டியிலும் இரண்டு வகைக் குறையும் பூஜ்யமாக வேண்டும். ஒன்றையொன்று வெட்டும் முக்கோணங்கள், ஒன்றின்மேல் ஒன்று படிந்தவை, முகம் உள்நோக்கித் திரும்பியவை எல்லாமே பூஜ்யம். இவற்றில் பேரம் கிடையாது.

பேரம் பேசக்கூடியது ஆஸ்பெக்ட் ரேஷியோ. முக்கோணத்தின் மிக நீண்ட பக்கத்தை அதன்மேல் விழும் உயரத்தால் வகுத்தால் வருவது. சமபக்க முக்கோணத்துக்கு 1.15, ஊசிபோல நீண்டதற்கு 30, 50 என்று போகும். நீண்ட முக்கோணத்தின் மேல் ஓட்டத்தின் முகப்பு நொண்டிக்கொண்டு நகரும். மேற்பரப்பு மெஷ்ஷில் எல்லாவற்றையும் 6-க்குள் கொண்டுவர முயலுங்கள். தட்டையான, ஓட்டம் சீராகப் போகும் இடத்தில் ஒன்றிரண்டு 10 என்று நின்றால் விட்டுவிடலாம். கேட் அருகிலோ மெல்லிய இடத்திலோ நின்றால் விடாதீர்கள். கணுக்களை (முக்கோண முனைகள்) ஒன்றாக்குவது, பக்கத்தைப் புரட்டிப் போடுவது என்று கையால் செய்ய வேண்டிய வேலை இது. அலுப்பானதுதான். ஆனால் நூறு முக்கோணத்துக்கு மேல் திருத்த வேண்டியிருந்தால், மெஷ்ஷோடு போராடாமல் கேட் மாடலுக்குத் திரும்பிப் போங்கள். அங்கே ஒரு சிறிய முகத்தை நீக்கினால் இங்கே எண்பது திருத்தங்கள் தேவைப்படாமல் போகும்.

டூயல் டொமைனில் இன்னோர் எண் உண்டு: எதிர்முகத்தோடு எத்தனை விழுக்காடு பொருந்தியிருக்கிறது என்பது. நிரப்புக் கணக்குக்கு 85 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது, வார்ப்பேஜுக்கு 90-ஐத் தாண்ட வேண்டும் என்பது பொதுவான வழக்கம். இந்த எண்ணை மட்டும் நம்பி நடந்துவிடாதீர்கள். என் மூடிக்கு 92 விழுக்காடு வந்திருந்தது. மீதி 8 விழுக்காடு எங்கே கிடந்தது என்று நான் தேடவில்லை. அது அந்த மூலையில்தான் கிடந்தது.

ஆறாம் படி: தடிமன் படம்

இந்தப் படிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வேறெதையும் அவசரமாகச் செய்தாலும் இதை நிதானமாகச் செய்யுங்கள்.

மென்பொருளில் தடிமனை நிறமாகக் காட்டும் படம் இருக்கும். அதைத் திறந்து, அளவுகோலைத் தானாக விடாமல், உங்கள் பொருளில் உண்மையில் இருக்கும் தடிமன்களுக்கு ஏற்ப நீங்களே அமையுங்கள். தானாக விட்டால், எங்கோ ஒரு பாஸின் அடியில் இருக்கும் 6 மி.மீ எல்லா நிறத்தையும் இழுத்துக்கொள்ளும், 1.2-க்கும் 1.8-க்கும் உள்ள வேறுபாடு ஒரே நீலத்தில் கரைந்துபோகும். பிறகு ஒரு தாளில் பத்து இடங்களைக் குறியுங்கள்: பொதுச்சுவர், ஒவ்வொரு வகை ரிப்பின் அடியும் உச்சியும், பாஸின் சுவர், மெலியும் இடங்கள், கேட் விழும் இடம், ஓட்டம் கடைசியாகப் போய்ச்சேரும் மூலைகள். ஒவ்வொன்றுக்கும் கேட் மாடலில் குறுக்குவெட்டு போட்டு அளந்த எண் ஒரு பக்கம். மெஷ் சொல்லும் எண் இன்னொரு பக்கம். மாதிரிப் பொருள் கிடைத்தால் வெர்னியரால் அளந்த எண்ணை மூன்றாவதாக எழுதுங்கள்.

பொதுச்சுவரில் 5 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு வந்தால் திருத்துங்கள். 10 விழுக்காடு தடித்துக் காட்டினாலே, மும்மடிக் கணக்கில் அழுத்தம் கால்பங்கு குறைந்து தெரியும். மெல்லிய இடத்தில் 5 விழுக்காட்டைக்கூட நான் விடுவதில்லை. திருத்த வழி இரண்டு: அந்த இடத்தில் மெஷ்ஷைச் சிறிதாக்கி மறுபடி பொருத்தச் சொல்வது, அல்லது அந்த முக்கோணங்களைத் தேர்ந்து தடிமனைக் கையால் எழுதுவது. கையால் எழுதினால் இரண்டு முகங்களிலும் எழுத வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எழுதிவிட்டு மறுபக்கத்தை மறப்பது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

ஏழாம் படி: 3டிக்குள் அடுக்குகள்

3டி மெஷ்ஷில் தடிமன் பொதுவாகத் தவறாது. கன வடிவமே உள்ளே இருக்கிறது. அங்கே கவனிக்க வேண்டியது தடிமனின் குறுக்கே எத்தனை அடுக்கு என்பது. சுவரை ஒட்டி உறைந்த தோல், அதற்கடுத்து ஓட்டத்தின் வேகம் சட்டென்று மாறும் பகுதி, நடுவில் சூடான ஓட்டம். 2.5 மி.மீக்குள் இவ்வளவும் நடக்கின்றன. இரண்டே அடுக்கு வைத்தால் நடுவில் ஒரே ஒரு கணுதான் இருக்கும். சுவரில் வேகம் பூஜ்யம், நடுவில் ஒரு வேகம், அவ்வளவுதான் கணக்குக்குத் தெரியும். உறைந்த தோல் எவ்வளவு என்று அதற்குச் சொல்ல வழியே இல்லை. நிரப்புக்கு 6 அடுக்கு குறைந்தபட்சம். வார்ப்பேஜ் பார்க்க 10 அல்லது அதற்கு மேல் வையுங்கள்.

இதன் விலையைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஒரு முகத்துக்கு 2.5 மி.மீ முக்கோணங்கள் 16,000, பத்து அடுக்கு, ஒவ்வொரு முப்பட்டகமும் மூன்று நான்முகியாகப் பிரியும். ஏறக்குறைய 4.8 லட்சம் நான்முகிகள். அடுக்கு ஒன்றின் தடிமன் 0.25 மி.மீ, பக்கம் 2.5 மி.மீ, பத்துக்கு ஒன்று என்ற சப்பையான எலிமெண்ட். பக்கத்தை 5 மி.மீ ஆக்கினால் இருபதுக்கு ஒன்று. 3டியில் சப்பையான எலிமெண்டுகளைத் தவிர்க்க முடியாது. சராசரி 15-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். 3டி மெஷ் முதலில் போடும் மேற்பரப்பு மெஷ்ஷின் மேல்தான் கட்டப்படுகிறது. ஆகவே ஐந்தாம் படியை 3டிக்காக விட்டுவிட முடியாது. மெஷ் முடிந்ததும் குறுக்குவெட்டு போட்டு, மெல்லிய இடத்தில் அடுக்குகளைக் கண்ணால் எண்ணிப் பாருங்கள்.

எட்டாம் படி: ரன்னரும் கேட்டும் குளிர்நீர்ப் பாதையும்

பிளாஸ்டிக்கைக் கேட்வரை கொண்டுவரும் ஸ்ப்ரூ, ரன்னர் ஆகிய வழிகளைக் கோடுகளாக வரைந்து விட்டம் கொடுத்தால் போதும். ஒவ்வொரு கோட்டுத் துண்டின் நீளமும் விட்டத்தின் இரண்டரை, மூன்று மடங்கில் இருக்கட்டும். கேட் எவ்வளவு குட்டையானாலும் அதை மூன்று எலிமெண்டுகளாகவாவது பிரியுங்கள். அழுத்தம் மிக வேகமாக இறங்குவதும், கேட் எப்போது உறைகிறது என்பதும் அங்கேதான். ஒரே எலிமெண்டாக விட்டால் உறையும் நேரம் தவறிப்போகும். அதனோடு ஹோல்டிங் நேரமும் (நிரம்பியபின் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் நேரம்) தவறிப்போகும். ஒரே அச்சில் நான்கு கேவிட்டி (பொருள் உருவாகும் குழி) சமமாக இருந்தால் ஒன்றை மட்டும் மெஷ் போட்டு, நான்கு முறை வருகிறது என்று குறிக்கலாம். குளிர்நீர்ப் பாதைகளும் இதே போலக் கோடுகள்தான். அவை பொருளின் மேற்பரப்பை எங்கும் தொடவோ வெட்டவோ இல்லை என்பதை மட்டும் சுற்றித் திருப்பிப் பாருங்கள்.

ஒன்பதாம் படி: மெஷ்ஷைச் சோதிப்பது

முழு அனாலிசிஸுக்கு முன் நிரப்புக் கணக்கை மட்டும் மூன்று முறை ஓட்டுங்கள்: 5, 3.5, 2.5 மி.மீ. பிளாஸ்டிக்கை உள்ளே செலுத்தும் அழுத்தத்தையும், வெல்டு லைன் விழும் இடத்தையும், கடைசியாக நிரம்பும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 3.5-க்கும் 2.5-க்கும் இடையே அழுத்தம் இரண்டு மூன்று விழுக்காடு மட்டுமே மாறினால் 3.5 போதும். பெரிதாக மாறினால் எங்கோ ஓர் இடம் இன்னும் வலைக்கண்ணில் தங்காமல் இருக்கிறது. எது என்று தடிமன் படத்தில் தேடுங்கள். இந்த மூன்று எண்களையும், அடுக்குகளின் எண்ணிக்கையையும், பத்து இடத் தடிமன் தாளையும் அறிக்கையின் முதல் பக்கத்தில் இணையுங்கள். அச்சு செய்பவர் கேட்க மாட்டார். ஆனால் ட்ரயலில் ஏதாவது தவறும்போது எங்கே தேடத் தொடங்குவது என்று உங்களுக்கே அது சொல்லும்.

அந்த சார்ஜர் மூடிக்கு நான் கடைசியில் பட்டையில் 2 மி.மீ மெஷ் போட்டேன். தடிமன் 1.2 என்று வந்தது. மறுபடி ஓட்டியபோது, ட்ரயலில் கையில் எடுத்த பொருளில் எங்கே நின்றதோ, ஏறக்குறைய அங்கேயே திரையிலும் ஓட்டம் நின்றது. பட்டையை 1.6 மி.மீ ஆக்கி, கேட்டை அந்த மூலைக்கு 40 மி.மீ அருகே நகர்த்தினோம். அச்சில் எஃகைக் குடைந்து தடிமனைக் கூட்ட முடிந்தது. பழைய கேட்டை அடைத்துப் புதிதாக வெட்ட இரண்டு வாரம் ஆனது.